கூட்டத்தைக் கலைய விடாதவர்

ஒரு இரங்கல் கூட்டத்தில்கூட அவர் கைதட்டு வாங்கியிருக்கிறார். முத்தையாபுரத்தில் உப்பளத் தொழிலாளர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் இறந்துபோனதற்காக நடந்த கூட்டம் அது. படத்துக்கு மாலை போட்டு, எல்லாரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இவர் எழுந்து, இறந்தவர் ஒரு காலத்தில் அதிகாரியின் ஜீப்பை மறித்து நின்ற கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. "ஏத்துறதுன்னா எம்மேல ஏத்துலேன்னு நின்னாரு பாருங்க" என்று சொல்லி நிறுத்தினார். சனம் படபடவென்று தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் இறந்தவரின் மனைவி முன்வரிசையில் இருப்பது அவர்கள் கண்ணில் பட்டது. ஒவ்வொருவராகக் கையை மடியில் போட்டுக்கொண்டார்கள். இவர் மட்டும் அந்தச் சத்தம் அடங்குவதைத் தலையைச் சாய்த்துக் கேட்டபடி நின்றார்.

நான் அப்போது மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் யாரும் நம்மைக் கவனிக்க மாட்டார்கள். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். அவர் மேடைக்கு முன்னால், நான் பின்னால், இப்படிப் பல வருடம் அவரோடு போயிருக்கிறேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பழைய ஆட்களுக்குப் பெயர் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்கு அந்தப் பெயரால் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அவர் மேடைப் பேச்சாளர், எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அவர் வேண்டும். காலையில் ஒரு கொடி கட்டிய ஆட்டோவில் நின்று பேசுவார். சாயங்காலம் அதே ஆட்டோ, வேறு கொடி. ஒருநாள் மீன் விற்கிற அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆட்டோவை மறித்துக்கொண்டார்.

"ஏய்யா, காலையில இதே தெருவுல வந்து இவங்கள திருட்டுப்பயலுகன்னு சொன்ன வாய்தானே இது?"

"வாய் என்னது மதனி. திட்டு அவங்களது. வாய வாடகைக்கு விட்டிருக்கேன்."

"அப்ப வீட்டுல பேசுறதுக்கு எந்த வாய வச்சிருக்கீரு?"

தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். மைக்கை அணைத்துவிட்டுச் சிரிப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார். "சிரிச்சிருச்சு. இப்ப ஒண்ணு போட்டா தட்டும் பாரு" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு மைக்கைத் திறந்தார். அந்த அம்மாவையே "எங்க கடற்கரைத் தாய்" என்று ஏதோ சொன்னார். தட்டினார்கள். அந்த அம்மாவும் தட்டினார்.

பொதுக்கூட்டங்களில் அவருடைய வேலை வேறு. தலைவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் வருகிறவரைக்கும் கூட்டம் கலையாமல் பிடித்து வைக்க வேண்டும். அதற்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். மைக்குக்கு முன் நின்றாலும் அவர் காது பின்வரிசையில்தான் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு யாராவது எழுந்தால் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டுவிடும். இரண்டு நாற்காலி அசைந்தால் வியர்வை வரும். நாலு அசைந்தால் பேச்சை மாற்றிவிடுவார். எந்தப் பேச்சுக்கு மாற்றுவார் என்பதும் எனக்குத் தெரியும். கடலுக்கு மாற்றுவார்.

எங்கள் தூத்துக்குடியில் கடல் என்றால் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அக்கரைக்கு வெங்காயம் போவதே எங்கள் துறைமுகத்திலிருந்துதான். எல்லை கண்ணுக்குத் தெரியாது. மீன் போகிற பக்கம் படகு போகும். இலங்கைக் கடற்படை பிடித்தால் ஆளும் உள்ளே, படகும் உள்ளே. அக்கரைக்காரர்களுக்கும் ஒரு குறை உண்டு. எங்கள் பக்கத்துப் பெரிய படகுகள் போய் அவர்களுடைய வலைகளை அறுத்துவிட்டு வருகின்றன. அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான், அவர்களும் கடலை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய கூடப்பிறந்த தம்பி படகு ஓட்டுகிறவன். ஆனால் மேடையில் அவர் ஒரு பக்கத்தை மட்டும்தான் சொல்வார்.

ஒருமுறை டீக்கடையில் கேட்டேன். "அண்ணாச்சி, இந்தத் தெருவுல சாக்கடை ஓடுது, தண்ணி வரல. அதப் பேசாம கடலயே பேசுதியளே?"

"ஏலே, ரோடு போடுவோம்னா எவனும் தட்ட மாட்டான். போட்டியான்னு நாளைக்குக் கேப்பான்லா? தூரத்துல இருக்கிறவன அடிப்போம்னு சொல்லு, தட்டுவான். அவன் போயி பாக்கப் போறானா, இல்ல நாமதான் அடிக்கப் போறோமா?" டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "தேர்தல் முடிஞ்சா கட்சிக்காரனே என்னக் கூப்பிட்டு, கடல் பேச்சு வேண்டாம் அண்ணாச்சி, கல்யாண வீட்டுக்கு வந்து வாழ்த்திப் பேசுங்கன்னுதான் சொல்லுவான்."

அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் உப்பு விளையாது என்று சொல்வது மாதிரி சொன்னார்.

மாதா கோயில் திருவிழாவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். காணாமல் போனவர்களை அறிவிக்கிற மேடையில் அவர் இருந்தார். ஒரு சின்னப் பெண் குழந்தையைப் போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டார். அறிவித்த கொஞ்ச நேரத்தில் தாய் ஓடி வந்துவிட்டாள். மேடைக்குக் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தையைக் கீழே இறக்கிக் கொடுத்திருந்தால் முடிந்தது. அவர் கொடுக்கவில்லை. "தாயே, மேல வாங்க. சனம் பாக்கட்டும்" என்று மைக்கில் கூப்பிட்டார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, அழுதுகொண்டு, படியில் தடுக்கி விழுந்து, ஏறி வந்தாள். அதுவரை குழந்தை அவர் இடுப்பில் இருந்து கத்திக்கொண்டிருந்தது. பிறகு கொடுத்தார். கூட்டம் நெடுநேரம் தட்டியது. அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, அது பொய்க் கண்ணீர் இல்லை. ஆனாலும் குழந்தை கத்திய அந்த நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பி அவருக்கு நேர்மாறு. பேச்சே குறைவு. தொழிலுக்குப் போகாத நாட்களில் அண்ணன் வீட்டுக்கு வந்து வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பான். ஒருநாள் நான் இருக்கும்போதே சொன்னான்.

"அண்ணே, இங்கன ஓட்டு வந்தா நீ மேடையில கத்துத. அந்த வாரமே அங்க ரோந்துப் படகு கூடிருது. அங்கன ஓட்டு வந்தாலும் கூடிருது. ரெண்டு ஊருலயும் ஓட்டு வந்தா நாங்க எங்கனதான் வல போட?"

"போலே. எம்பேச்ச யாரு அங்கன கேக்கப் போறா? கடல்காத்துல போயிரும்."

"இப்ப எல்லாவன் கையிலயும் போன் இருக்குண்ணே" என்றான் தம்பி.

அவன் பிடிபட்டது அப்படி இரண்டு பக்கமும் தேர்தல் வந்த சமயத்தில்தான். இங்கே இடைத்தேர்தல், அங்கே நாட்டுக்கே தேர்தல். படகில் இருந்த எல்லாரையும் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். தம்பி மனைவிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. முதல் பிள்ளை.

மாதா கோயில் பங்குச் சாமியாருக்கு அக்கரையில் தெரிந்த சாமியார்கள் உண்டு. படகு முதலாளியும் சாமியாருமாக யார் யாரிடமோ பேசினார்கள். ஒருநாள் மதியம் சாமியார் தம்பி வீட்டுக்கு வந்தார். அண்ணாச்சியையும் வரச்சொல்லியிருந்தார். இவரை வண்டியில் கொண்டுபோய் விட்டது நான் என்பதால் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அடுத்த வாய்தாவுல விட்டுருவோம்னு சொல்லியிருக்காங்க" என்றார் சாமியார். "ஆனா சத்தமில்லாம. அங்க ஓட்டு கேக்கிறவனுக்கு அவன் ஊருல சங்கடம் இருக்கு. வல அறுந்தவன்லாம் கொதிச்சுப் போயி இருக்கான். யாரும் பாக்காதப்போ விட்டுட்டா அவனுக்கு நட்டம் இல்ல. நாம இங்க கத்தினா, பயந்துபோயி விட்டான்னு அவன் ஊருல பேராயிரும். பெறகு அவன் நெனச்சாலும் விட முடியாது." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "நான் மத்தவங்களுக்கு இத சொல்லல. ஒமக்குச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

"மாதா சத்தியமா வாயத் திறக்க மாட்டேன் சாமி."

தம்பி மனைவி கதவுப் பக்கத்தில் நின்றிருந்தாள். "அத்தான், நீங்க அவுகளுக்காக அலைய வேண்டாம், யாரையும் போயிப் பாக்க வேண்டாம். பேசாம இருங்க. அது போதும்" என்றாள்.

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன். அவரும் நம்பினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வாய்தாவுக்கு முந்தைய வாரம் எங்கள் பகுதியில் பெரிய கூட்டம். தலைவர் சென்னையிலிருந்து வருகிறார். தெருக் கம்பங்களில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, சுற்றுவட்டாரமெல்லாம் கேட்கும்படி செய்திருந்தோம். மேடை ஏறும்போது அண்ணாச்சி என்னிடம், "கடல் பக்கமே போக மாட்டேம்ல. தண்ணி, ரேஷன், பஸ்சு. அம்புட்டுதான்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தார். தண்ணீரைப் பேசினார். ரேஷன் கடையைப் பேசினார். முத்தையாபுரம் பஸ்சைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னார், கொஞ்சம் சிரித்தார்கள். தலைவர் வரவில்லை. வழியில் எங்கோ வரவேற்பு என்றார்கள். பின்வரிசையில் நாற்காலி இழுபட்டது. அவர் மறுபடி தண்ணீருக்குப் போனார். இன்னும் சில நாற்காலி. வட்டச் செயலாளர் மேடையின் ஓரத்தில் நின்று கையைச் சுழற்றிக் காட்டினார். விடாதே, பிடி, பிடி என்று. அண்ணாச்சியின் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "யோவ், பஸ்சு கெடக்கட்டும். ஒம்ம தம்பி எங்க?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. எழுந்தவர்கள் நின்றார்கள். சிலர் திரும்ப உட்கார்ந்தார்கள். அந்த அமைதியை அவர் கேட்டார். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் தன் வாயைப் பார்ப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

"எந்தம்பி எங்கன்னு கேக்குதாரு" என்று மிகவும் தணிந்த குரலில் தொடங்கினார். அந்தத் தணிந்த குரல் எதற்கு என்று எனக்குத் தெரியும். "எந்தம்பி அந்நிய நாட்டு ஜெயில்ல கம்பிய எண்ணிட்டு இருக்கான். ஏன்? நாம வாய மூடிட்டு இருக்கோம். அதான்." தட்டினார்கள். "இப்ப சொல்லுதேன், அக்கரையில இருக்கிறவன் கேட்டுக்கிடட்டும். எங்க புள்ளைகள விடலேன்னா, இந்தத் துறைமுகத்துல இருந்து ஒரு வெங்காயம் உன் ஊருக்கு வராது!"

நான் அவ்வளவு பெரிய கைதட்டலை அதுவரை கேட்டதில்லை. விசில், தகரத்தில் அடிக்கிற சத்தம், எல்லாம் சேர்ந்து குழாய்கள் கீச்சிட்டன. எழுந்து போனவர்களெல்லாம் ஓடி வந்தார்கள்.

ஓடி வந்தவர்களில் தம்பி மனைவியும் இருந்தாள். வீடு இரண்டு தெரு தள்ளி. குழாயில் அவர் குரல் மாறியதைக் கேட்டவுடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறாள். அவள் யார் என்று தெரிந்தவர்கள் வழிவிட்டார்கள். பிறகு அவர்களே அவளை மேடைமேல் ஏற்றிவிட்டார்கள். நியாயம் கேட்க வருகிறாள் என்று நினைத்தார்கள். அவள் மூச்சு வாங்கியபடி, "பேசாதிய அத்தான். போதும். பேசாதிய" என்றாள். அது எனக்கு மட்டும் கேட்டது. மைக்குக்குக் கேட்கவில்லை.

அவர் அவள் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். "இந்தா நிக்கா பாருங்க, எந்தம்பி பொஞ்சாதி! இந்த வயித்துப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லப் போறிய?"

அவள் அழுதாள். எல்லார் கையிலும் போன் மேலே எழுந்தது. டிவிக்காரர்களும் வந்திருந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் தலைவருடைய கார்கள் வந்து நின்றன. தலைவர் காரிலிருந்து இறங்கும்போதே அந்தச் சத்தத்தைக் கேட்டார். மேடையில் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார், தலையாட்டினார். எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அந்த வெங்காயத்தையே பேசினார். இவர் சொன்னதைவிட இரண்டு மடங்காகப் பேசினார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் சும்மா இருக்க முடியாது. வெங்காயம் மட்டும் போதாது, கப்பலையே மறிப்போம் என்றார். டெல்லியில் யாரோ கடுமையாகக் கண்டித்தார்கள். அங்கே ஓட்டுக் கேட்டவர்கள், மிரட்டலுக்குப் பணிய மாட்டோம் என்றார்கள். அப்படிச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அடுத்து நிற்கிறவன் சொல்வான். வாய்தா நாள் வந்தது. விடவில்லை. அதற்கடுத்த வாய்தாவிலும் விடவில்லை. இரண்டு பக்கமும் ஓட்டு எண்ணி முடிந்து, வெடி வெடித்து, கொடிகளை அவிழ்த்த பிறகு ஒருநாள் படகிலிருந்த மற்றவர்களைச் சத்தமில்லாமல் அனுப்பிவைத்தார்கள். படகு ஓட்டிய தம்பிக்கு மட்டும் தண்டனை. யாராவது ஒருவரையாவது தண்டித்தோம் என்று காட்ட வேண்டும் அல்லவா.

சாமியார் ஆறுதலாக ஒன்று சொன்னார். "அன்னைக்கு இவரு பேசலேன்னாலும் வேற எவனாவது பேசித்தான் இருப்பான்மா."

"பேசியிருப்பான் சாமி" என்றாள் தம்பி மனைவி. "ஆனா என்னத் தோளப் பிடிச்சுத் திருப்பியிருக்க மாட்டான்."

அதிலிருந்து அவள் இவரோடு பேசவில்லை. குழந்தை பிறந்ததற்கு இவர் போனபோது கதவைத் திறந்தாள், குழந்தையைக் காட்டினாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர் வெளியே வந்து என் வண்டியில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும், "நாற்காலி இழுபட்டுச்சுல்லா, ஒனக்கும் கேட்டுச்சுல்லா?" என்றார். கேட்டது என்றேன். "அதான்" என்றார்.

அந்த வருடத்தில்தான் அவருக்கு மிக அதிகமாகக் கூட்டங்கள் வந்தன. வெளியூரிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். தம்பி ஜெயிலில் இருக்கிற பேச்சாளர் என்று நோட்டீஸில் போட்டார்கள். முதலில் சில இடங்களுக்கு வர மாட்டேன் என்றார். பிறகு போனார். மேடையில் தம்பியின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே உடையும். உடைந்தவுடன் நிறுத்துவார். தட்டுவார்கள்.

இரண்டு கிறிஸ்துமஸ் கழித்துத் தம்பி வந்தான். படகு வரவில்லை. அது அங்கேயே கரையில் கிடந்து மட்கிப் போனதாம். ஆள் பாதியாகியிருந்தான். இரண்டு பற்கள் இல்லை. மகன் அவனைப் பார்த்து அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவன் வந்த மறுநாள் அண்ணன் போய்ப் பார்த்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாங்க என்று தம்பி மட்டும் சொன்னான். தரையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் உட்கார்ந்தேன்.

அவர் அழுதார். "என்ன மன்னிச்சிருலே" என்றார். பொய்யில்லை. அங்கே கூட்டம் எதுவும் இல்லை.

தம்பி மெதுவாகச் சொன்னான். "அங்க ஜெயிலுக்குப் பக்கத்துல ஒரு மைதானம்ணே. தேர்தலுக்கு அங்கனதான் கூட்டம் போடுவாங்க. ஆள் தெரியாது, செவுருக்கு மேல சத்தம் மட்டும் வரும். வாய்தாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாங்க துணிமணியெல்லாம் எடுத்துக் கட்டி வச்சிட்டோம், விட்டுருவாங்கன்னு. அப்ப ஒருத்தன் பேச ஆரம்பிச்சான். தமிழ்லதான். அசல் உன்ன மாதிரியே பேசுதான்ணே. நீ இழுக்கிற எடத்துல இழுக்கான், நீ நிறுத்துற எடத்துல நிறுத்துதான். நான் ஒரு நிமிசம் நீதான் வந்துட்டியோன்னு நெனச்சேன்."

"என்ன பேசுனான்?"

"தூத்துக்குடியில ஒருத்தன் நமக்கு வெங்காயம் தர மாட்டானாமேன்னான். சனம் சிரிச்சிச்சு. பெறகு, அறுந்த வலையோட ஒரு பொம்பளைய மேடையில ஏத்தி நிப்பாட்டினான் போல. அவ அழுற சத்தம் கேட்டுச்சு. இந்தப் பொம்பளைக்குப் பதில் சொல்லாம உள்ள கெடக்கிறவன்ல ஒருத்தனயும் விடக் கூடாதுன்னான். நான் கட்டி வச்ச துணிய அவுத்துட்டேன்."

தம்பி மனைவி அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றிருந்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலை, அவரறியாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"தட்டுனாங்களாலே?" என்று கேட்டார்.

தம்பி மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தட்டுனாங்கண்ணே" என்றான் தம்பி. "ரொம்ப நேரம் தட்டுனாங்க."